கறையானுக்குக் காம்பரா இலக்கம் தெரியாது



"கறையான் அரிப்பது இயற்கை. அதற்கு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

லயத்துக் கூரையைப் பற்றி முறையிடப் போகும் தோட்டத் தலைவர்களுக்கு ஆபீசில் கிடைக்கும் பதில் இது. தகரம் ஒழுகுகிறது என்றால் "எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். கான் உடைந்துவிட்டது என்றால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார்கள். கறையான் என்று சொன்னால் அந்த வாய்தாகூடக் கிடையாது. இயற்கையின் தலையில் பழியைப் போட்டு விஷயத்தை மூடிவிடுவார்கள். கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் இரண்டாவது பதில் வரும்: "உங்கள் ஆட்கள் சுவரோரம் விறகை அடுக்கி வைக்கிறார்கள். இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பதில்லை. அதனால்தான் கறையான் வருகிறது."

இந்த இரண்டு பதில்களையும் நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதை இந்த இதழில் விளக்கமாகச் சொல்கிறோம். மேடையில் ஏறி முதலாளியைக் கறையான் என்று திட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இங்கே நாம் பேசுவது உண்மையான கறையானைப் பற்றி. நம் பிள்ளைகள் படுத்துறங்கும் இடத்துக்கு மேலே உள்ள கைமரத்தை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும் கறையானைப் பற்றி. அது எப்படி வருகிறது, எங்கே வாழ்கிறது, எதனால் நிற்கிறது என்று தெரிந்த தொழிலாளியை யாரும் "இயற்கை" என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

வந்திருப்பது எந்தக் கறையான்?

கறையான் எல்லாம் ஒன்றல்ல. நம் வீடுகளுக்குச் சேதம் செய்பவற்றை இரண்டு பெரிய பிரிவாகப் பார்த்தால் போதும்.

முதலாவது மண் கறையான். இதன் கூடு மண்ணுக்குள் இருக்கும், அல்லது புற்றாக வெளியே தெரியும். ஈரம் இல்லாமல் இதனால் வாழ முடியாது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும் என்பதால் கூட்டிலிருந்து மரம் வரைக்கும் மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேதான் நடமாடும். அத்திவாரக் கல்லிலும் சுவரிலும் கதவு நிலையிலும் பென்சில் தடிப்பில் மண்கோடு ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கோடுதான் அதன் பாதை.

மண் கறையானிலும் இரண்டு வகை முக்கியம். ஒடன்டோடெர்மஸ் என்ற வகை புற்றுக் கட்டும். கூட்டுக்குள் பூஞ்சணம் வளர்த்து அதைச் சாப்பிடும். மரத்தின் மேல் மண்ணைப் பூசி, பூச்சுக்கு அடியிலிருந்து சுரண்டித் தின்னும். இதன் இராணி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடக்கூடியது. கொப்டோடெர்மஸ் என்ற வகை இன்னும் ஆபத்தானது. மரத்தின் மேல்தோலைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் தின்னும். வெளியே பார்த்தால் உத்திரம் உத்திரமாகவே இருக்கும். விரலால் அமுக்கினால் கடதாசி போல உள்ளே போகும். கூட்டை உடைத்தால் அதன் சிப்பாய்கள் தலையிலிருந்து வெள்ளைப் பால் போன்ற திரவத்தைக் கக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது உலர்மரக் கறையான். கிரிப்டோடெர்மஸ் இந்தப் பிரிவைச் சேர்ந்தது. இதற்கு மண்ணும் வேண்டாம், மண்குழாயும் வேண்டாம். காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருந்து, அதையே தின்று, அதற்குள்ளேயே பெருகும். கூட்டம் சிறியது, வேலை மெதுவானது, ஆனால் வருடக்கணக்கில் நிற்காது. கட்டில் காலுக்குக் கீழேயோ கைமரத்துக்கு நேர் கீழேயோ ரவை போல, கசகசா போலச் சிறு மணிகள் கொட்டிக் கிடந்தால் அது இதன் எச்சம். பழைய அலுமாரி, பழைய கதவு, பிரித்தெடுத்த பழைய மரம் ஆகியவற்றோடு இது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றி வரும் ஈசல் கறையானின் சிறகு முளைத்த கூட்டம்தான். புதுக் கூடு தேடிப் புறப்பட்டவை. வீட்டுக்குள்ளேயே, ஜன்னலோரத்தில் உதிர்ந்த சிறகுகள் குவிந்து கிடந்தால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிறகு முளைத்த எறும்பைப் பார்த்துக் கறையான் என்று மயங்குவதும் உண்டு. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்சிறகு நீளமாகவும் பின்சிறகு குட்டையாகவும் இருக்கும். கறையானுக்கு இடுப்பு ஒடுங்காது, நான்கு சிறகும் ஒரே நீளம்.

வெப்பம் கூடிய தாழ்ந்த பிரதேசங்களில், இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை, மாத்தளைப் பக்கத் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் மண் கறையானின் தொல்லை கூடுதல். குளிர் மிகுந்த உயர்ந்த தோட்டங்களில் கறையான் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கே அதே ஈரத்தில் மரம் உக்கிப்போகிறது. கைமரம் கறையானால் விழுந்தாலும் உக்கலால் விழுந்தாலும் விழுவது ஒரே தலையில்தான்.

லயம் ஏன் கறையானுக்கு விருந்து?

இப்போது லயத்தைப் பாருங்கள். 10க்கு 12 அடிக் காம்பரா, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, இன்றும் அதிலேதான் குடும்பங்கள் இருக்கின்றன. மண்சாந்து வைத்துக் கட்டிய கல் சுவர்கள். மண்ணில் நேராகப் பதித்த கதவு நிலைகள். மலையை வெட்டிக் கட்டியதால் பின்பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும் மண்மேடு. அந்த மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டிய கான் உடைந்து, அடைபட்டு, தண்ணீர் அத்திவாரத்துக்குள் இறங்குகிறது. மேலே துருப்பிடித்த தகரம். அதன் ஆணித்துளை வழியாக ஒழுகும் மழை நேராகக் கைமரத்தில் விழுகிறது.

மண் கறையானுக்கு வேண்டியது மூன்று: ஈரம், மண்ணிலிருந்து மரத்துக்கு ஒரு பாதை, தொந்தரவில்லாத இருட்டு. இந்த மூன்றையும் லயம் ஒரே இடத்தில் தருகிறது. இதில் எது இயற்கை? கறையான் இயற்கை, சரி. உடைந்த கான் இயற்கையா? மாற்றாத தகரம் இயற்கையா? சுவரோடு சரிந்து கிடக்கும் மண்ணை ஆள் விட்டு வெட்டி எடுக்காதது இயற்கையா? மழையும் இயற்கைதான். அதற்காக எந்தத் துரையும் பெக்டரிக்குக் கூரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். லயத்தில் 6 காம்பராவோ 12 காம்பராவோ இருக்கலாம். கறையானுக்கு அது ஒரே வீடு. ஒரே அத்திவாரம், ஒரே சுவர், ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை தொடரும் ஒரே கூரை மரம். ஒரு காம்பராவுக்கு மட்டும் மருந்தடித்தால் அது பக்கத்துக் காம்பரா வழியாக வரும். ஒரு குடும்பம் கடன் வாங்கித் தன் கைமரத்தை மாற்றினாலும் பக்கத்து வீட்டு மரம் அரித்தபடியே இருந்தால் இரண்டு மழைக்காலத்தில் பழைய கதைதான். கறையானுக்குக் காம்பரா இலக்கம் தெரியாது. ஆகவே "உங்கள் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் கறையான் விஷயத்தில் வெறும் ஏமாற்று. தனித்தனியாகத் தீர்க்கவே முடியாத பிரச்சினையைத் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தேயிலைக்கு ஒரு நியாயம், தொழிலாளிக்கு ஒரு நியாயம்

கறையானைப் பற்றி நிர்வாகங்களுக்குத் தெரியாது என்று யாராவது நினைத்தால் அது தவறு. நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தேயிலைச் செடியையும் கறையான் தின்கிறது. உயிருள்ள மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் தனி வகைகள் அவை. மலைநாட்டுத் தேயிலைக்கு ஒரு வகை, தாழ்நாட்டுத் தேயிலைக்கு ஒரு வகை என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கவாத்து வெட்டிய காயத்தின் வழியாகவும் காய்ந்துபோன குச்சியின் வழியாகவும் உள்ளே நுழைந்து, தண்டையும் தூரையும் குடைந்து, சில வருடங்களில் செடியையே சாய்த்துவிடும். 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்தக் கறையான்களைப் பல பத்து வருடங்களாக ஆராய்ந்துவருகிறது. எந்த இனத் தேயிலையைக் கறையான் அதிகம் தாக்கும், எது தாக்குப்பிடிக்கும், கவாத்தை எப்படி வெட்ட வேண்டும், கறையானைக் கொல்லும் நுண்புழுக்களை வைத்து அதைக் கட்டுப்படுத்த முடியுமா என்றெல்லாம் சோதித்தார்கள். தோட்டங்களுக்கு ஆலோசனையும் அனுப்பினார்கள்.

நல்ல வேலைதான். செடி செத்தால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் நமக்கும் வேலை இல்லை. அதை நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். செடிக்குள் போகும் கறையானை அறிவியலாகப் பார்க்கும் அதே நிர்வாகம், அந்தச் செடியில் கொழுந்து பறிப்பவளின் கூரைக்குள் போகும் கறையானை மட்டும் ஏன் தலைவிதியாகப் பார்க்கிறது? மலையில் ஒரு செடி பட்டுப்போனால் அதைக் கணக்கெடுக்க ஆள் இருக்கிறது. லயத்தில் ஒரு கைமரம் செத்துப்போனால் கணக்கெடுக்க ஏன் ஆள் இல்லை? பங்களாவின் கதவு நிலையில் ஒரு மண்கோடு தெரிந்தால் அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதைத் தோட்டத்தில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள்.

செடி சொத்துக் கணக்கில் வருகிறது. தொழிலாளி இருக்கும் கூரை செலவுக் கணக்கில் வருகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

"சுத்தமில்லை" என்ற குற்றச்சாட்டு

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். சுவரோரம் விறகு அடுக்கினால் கறையான் வரும் என்பது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஈரமண்ணில் கிடக்கும் விறகு கறையானுக்குப் பாலம். மண்ணிலிருந்து விறகு, விறகிலிருந்து சுவர், சுவரிலிருந்து கூரை.

ஆனால் அந்த விறகு ஏன் அங்கே இருக்கிறது? மலையில் வேலை முடித்து, கவாத்து மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டி, தலையில் சுமந்து வரும் பெண் அதை எங்கே வைப்பாள்? லயத்துக்கு விறகுக் கொட்டில் இருக்கிறதா? காம்பராவுக்குள் வைக்க இடமிருக்கிறதா? மழைக்கு நனையாமல் இருக்கும் ஒரே இடம் கூரை இறக்கத்துக்குக் கீழே சுவரோரம்தான். அங்கே வைக்கிறாள். இடம் கொடுக்காமல் வைத்துவிட்டு, இடமில்லாத இடத்தில் வைத்தாள் என்று குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை குடியிருக்கிறது. மகனுக்குக் கலியாணம் ஆனால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து ஓர் அறை ஆக்குகிறார்கள். அந்தப் பலகைக்குக் கறையான் வருகிறது. உடனே "அனுமதியில்லாமல் கட்டினீர்கள்" என்று எச்சரிக்கைக் கடிதம். கல்லால் கட்ட அனுமதி கேட்டால் கிடைப்பதில்லை. பலகையால் கட்டினால் கறையானும் வருகிறது, கடிதமும் வருகிறது.

நம் கைக்காசைப் போட்டுத் திருத்தினாலும் அது நம் பெயரில் இல்லாத வீடு. திருத்தாமல் விட்டால் நம் தலையில் விழும் வீடு. இந்த நிலையில் இருப்பவனைப் பார்த்து "பொறுப்பில்லாதவன்" என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது.

தகரப் பெட்டிக்குள் இருப்பவை

கறையான் மரத்தை மட்டும் தின்பதில்லை. கடதாசியும் அதற்கு மரம்தான். கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் பெட்டியில் நம் குடும்பங்கள் எதை வைத்திருக்கின்றன என்று யோசியுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, சேமலாப நிதியின் பீ கார்ட், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, தாத்தா பாட்டி காலத்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

வேறு எந்தச் சமூகத்துக்கும் இது வெறும் கடதாசியாக இருக்கலாம். நமக்கு அப்படியல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டுப் போனவர்களிடம் "இத்தனை வருடம் இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். அத்தாட்சி காட்ட முடியாதவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து நம் மக்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு துண்டுக் கடதாசி இல்லாத காரணத்தால் ஒரு சமூகமே எத்தனை வருடம் அலைந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடதாசிதான் இன்று ஈரச் சுவரோரம் கறையானுக்கு இரையாகிறது. இளைப்பாறும் நாளில் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கப் போகும் தொழிலாளி பெட்டியைத் திறந்தால் மண்ணும் தூளும்தான் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே பல தடவை அலைய வைக்கும் காரியாலயங்கள், பத்திரமே இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் பேர் போகிறது. ஆகவே கறையான் பிரச்சினை கூரைப் பிரச்சினை மட்டுமல்ல, நம் உரிமைப் பத்திரங்களின் பிரச்சினையும்கூட.

பொறுப்பு யாருக்கு?

தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் "வீடமைப்பு அரசாங்கத்தின் வேலை" என்கிறது. அரசாங்க அதிகாரியிடம் கேட்டால் "லயம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது" என்கிறார். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் கேட்டால் "இந்த வருடத் திட்டத்தில் இல்லை" என்ற பதில். பிரதேச சபைக்குப் போனால் நீண்ட காலமாகச் சொன்னது "தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது" என்பது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் சேவை செய்ய வழி திறந்த பிறகு அந்தச் சாட்டும் போய்விட்டது. ஆனாலும் கான் இன்னும் உடைந்தே கிடக்கிறது.

நம் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறோம். 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பின்பு 53 வருடக் குத்தகை வந்தது. தேயிலை மலையும் பெக்டரியும் பங்களாவும் அவர்கள் கைக்குப் போனபோது லயமும் சேர்ந்துதான் போனது. கொழுந்து தரும் நிலத்தை எடுத்துக்கொண்டு, கொழுந்து பறிப்பவர்கள் இருக்கும் கட்டடத்தை மட்டும் அநாதையாக விட முடியாது. புது வீடு கட்டுவதில் அரசாங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இருக்கும் லயத்தைத் திருத்திப் பாதுகாப்பாக வைக்க வேண்டியது அதை வைத்திருக்கும் நிர்வாகம். இதில் குழப்பம் ஏதும் இல்லை. குழப்பம் இருப்பதாகக் காட்டுவதால் சிலருக்குச் செலவு மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

"எப்படியும் லயத்தை உடைக்கத்தானே போகிறோம்?"

கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம் ஒன்று உண்டு. "தனி வீடு வரப்போகிறது. உடைக்கப்போகும் லயத்துக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்?" என்கிறார்கள். நம்மில் சிலரும் இதைச் சொல்கிறோம்.

லயம் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச் காணி, சொந்த உறுதி, தனி வீடு. அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டோம். இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதே பத்து வருடத்துக்குள் இங்கே எத்தனை அரசாங்கங்கள் மாறின, எத்தனை அமைச்சர்கள் அடிக்கல் நாட்டினார்கள் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். லயத்தில் இருப்பவர்கள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். கறையான் அடிக்கல் நாட்டு விழாவுக்காகக் காத்திருப்பதில்லை. அது தினமும் பேருக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. "பிறகு மாற்றுவோம்" என்ற சொல்லுக்கு நம் மக்கள் கொடுத்த விலை அது. கூரை விழுவது அதைவிடச் சிறிய விஷயம்தான், அந்தக் கூரையின் கீழ் உறங்குபவன் நம் பிள்ளையாக இல்லாதவரை.

புது வீடுகளுக்கும் ஒரு எச்சரிக்கை. தனி வீடு என்றால் கறையான் வராது என்று நினைக்க வேண்டாம். நிலத்தைத் துப்பரவாக்கும்போது பழைய தேயிலைத் தூரையும் மர வேரையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டு அதன் மேல் அத்திவாரம் போட்டால் கறையானுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு வீடு கட்டியதாக ஆகும். அத்திவாரம் போடும்போதே, நிலத்துக்குக் கொங்கிறீட் போடும் முன், மண்ணுக்குக் கறையான் மருந்து பாய்ச்ச வேண்டும். அந்த நேரத்தில் செலவு குறைவு. வீடு எழும்பிய பின் நிலத்தைத் துளைத்து மருந்து விடுவது பெரிய செலவு. கொந்தராத்துக்காரர் அதை விட்டுவிட்டால் மிச்சம் அவருக்கு, நட்டம் நமக்கு.

நம் கையில் இருப்பவை

நிர்வாகத்தின் பொறுப்பைக் கேட்பதால் நாம் கைகட்டி இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. இவற்றை இன்றே செய்யலாம்.

மாதம் ஒரு தடவை டோர்ச் வெளிச்சத்தில் கதவு நிலையின் அடி, சுவர் மூலை, கைமரம் சுவரில் உட்காரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்குரூட்ரைவரின் பிடியால் மரத்தைத் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. மண்குழாய் கண்டால் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் கறையான் உயிரோடு வேலை செய்கிறது. முழுக் குழாயையும் துடைத்துவிட்டால் அது வேறு பாதை போடும், நமக்கும் அடையாளம் போய்விடும்.

விறகைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, கல் வைத்து அதன் மேல் அடுக்குங்கள். கடதாசி மட்டைப் பெட்டிகளை நிலத்தில் வைக்க வேண்டாம். பழைய அலுமாரியோ கட்டிலோ வாங்கினால் அடியில் மணிமணியாக எச்சம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில், உப்பு, சாம்பல் என்று பலரும் ஊற்றிப் பார்க்கிறோம். பட்ட இடத்துக் கறையான் சாகும், கூடு அப்படியே இருக்கும். அடுப்பு எரியும் குசினியில் மண்ணெண்ணெய் ஊற்றுவது நெருப்புக்கு வழி. ஸ்டோரிலிருந்து தேயிலைக்கு அடிக்கும் மருந்தைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து வீட்டில் ஊற்றுவதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அந்த மருந்து கறையானுக்காகத் தயாரித்ததல்ல. போத்தலைப் பார்த்துப் பிள்ளை குடித்தால் கறையானைவிடப் பெரிய இழவு வீட்டுக்கு வரும்.

பத்திரங்களை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, சுவரில் படாமல், நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்து வேறு வீட்டில் ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் கெட்டுப்போயிருந்தால் தேவைப்படும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வையுங்கள். லயம் இலக்கம், காம்பரா இலக்கம், எந்த மரம், எந்தத் திகதி. கையில் போன் இருக்கும் பிள்ளைகள் படம் எடுக்கட்டும். வாயால் சொன்ன முறைப்பாடு ஆபீஸ் வாசலோடு போய்விடும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் கையொப்பமும் வாங்கிய முறைப்பாடு நாளைக்குச் சாட்சி சொல்லும்.

நாம் கேட்பவை

1. ஒவ்வொரு லயத்தையும் வருடத்துக்கு இரண்டு தடவை, தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கத் தலைவியும் உடனிருக்க, நிர்வாகம் பரிசோதித்து எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும்.

2. மருந்து அடிப்பதானால் முழு லயத்துக்கும் அடிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட மருந்தைப் பயிற்சி பெற்றவர்கள் அடிக்க வேண்டும். குடும்பங்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, பிள்ளைகளையும் நோயாளிகளையும் அப்புறப்படுத்தி, தண்ணீரையும் சாப்பாட்டையும் மூடிய பின்பே அடிக்க வேண்டும்.

3. தகரம் மாற்றும்போது அரித்த கைமரத்தையும் ரீப்பையையும் சேர்த்து மாற்ற வேண்டும். செத்த மரத்தின் மேல் புதுத் தகரம் அடிப்பது திருத்த வேலை அல்ல, பாரம் ஏற்றும் வேலை. இரும்போ பதப்படுத்திய மரமோ பாவிக்க வேண்டும்.

4. லயத்துப் பின்பக்கக் கானை அடுத்த பெருமழைக்கு முன் திருத்தி, சுவரோடு ஒட்டிய மண்ணை வெட்டி இறக்க வேண்டும்.

5. ஒவ்வொரு லயத்துக்கும் கூரையோடு விறகுக் கொட்டில் கட்டித் தர வேண்டும்.

6. கூரை ஆபத்தில் இருப்பதாகக் கண்டால் அந்தக் குடும்பத்துக்கு உடனே மாற்று இடம் தர வேண்டும். "அந்தப் பக்கம் படுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதை ஏற்க மாட்டோம்.

7. புது வீட்டுத் திட்டங்களில் மண்ணுக்குக் கறையான் மருந்து பாய்ச்சுவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். செய்ததற்கான அத்தாட்சியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

இதில் எதுவும் பெரிய ஆசை இல்லை. தேயிலைச் செடிக்குச் செய்வதை அதை வளர்ப்பவனுக்கும் செய் என்பதுதான்.

ஒரு காம்பராக்காரர் தனியாகப் போய்க் கேட்டால் "உன் வீட்டில் மட்டும்தானே" என்பார்கள். லயமே போய்க் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. எனவே அடுத்த சந்தா நாளில் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கொப்பி வைத்து, லயம் லயமாகக் கறையான் கணக்கு எடுங்கள். நம் சங்கத்து ஆள், மற்றச் சங்கத்து ஆள் என்று பிரிக்க வேண்டாம். மற்றச் சங்கத்துக்காரரின் காம்பராவைத் தாண்டித்தான் கறையான் நம் காம்பராவுக்கு வருகிறது. கணக்கை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மேசையில் உட்கார்ந்து பேசும்போது "இயற்கை" என்று சொல்பவர்களுக்கு முன்னால் அந்தக் கொப்பியை விரித்து வைப்போம்.